விலைப் பக்கம் கூகுளில் சரியாக வருகிறது, ஏஐ தேடலில் பிழையாக வருகிறது. எதைத் திருத்துவது?

உப்புவெளி_கோடர்:

வணக்கம். திருகோணமலையில் இருந்து சின்னக் குழுவாக கெஸ்ட் ஹவுஸ்களுக்கான புக்கிங், பில்லிங் சொஃப்ட்வெயர் செய்து விற்கிறோம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம்தான் வாடிக்கையாளர் கூட, பாசிக்குடாவிலும் சிலர் இருக்கிறார்கள். முன்பெல்லாம் சீசன் தொடங்க முதல் கோல் எடுத்து விலை கேட்பார்கள், இப்போது ஏதாவது ஏஐ தேடலில் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். போன கிழமை ஒருவர் எடுத்து, "தம்பி, மாதம் 49 டொலராமே, கடற்கரையில் இருக்கிற சின்ன விடுதிக்கு இது கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார். எங்கள் சின்னத் திட்டம் மாதம் 6,500 ரூபாதான். வேறொரு கருவியில் நானே கேட்டுப் பார்த்தேன், "விலை வெளியிடப்படவில்லை, நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளவும்" என்கிறது. கூகுள் தேடலில் மட்டும் பக்கத்தின் விலை வடிவாக வருகிறது.

பக்கம் ரியாக்டில் (ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பக்கத்தை பிரவுசரிலேயே உருவாக்கும் கருவி) செய்தது. மூன்று திட்டங்கள், மூன்று கார்ட்கள், மேலே மாதம்/வருடம் மாற்றும் பொத்தான், கீழே எந்தத் திட்டத்தில் என்ன வசதி என்று டிக் அடையாளம் போட்ட பெரிய அட்டவணை. இலங்கையில் இருந்து பார்த்தால் ரூபா, வெளியில் இருந்து பார்த்தால் டொலர். எஸ்சிஓ (தேடலில் மேலே வரச் செய்யும் வேலை) செய்து தருகிறவர், ஏஐ கருவிகளுக்காக வெப்சைட்டைச் சுருக்கிச் சொல்லும் எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பு ஒன்று போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு அது அவ்வளவு நம்பிக்கையாக இல்லை. முழு வெப்சைட்டையும் மாற்றி எழுத இப்போது நேரமும் இல்லை, காசும் இல்லை. எங்கே கை வைப்பது?

ஓர்ஸ்ஹில்_ரவுட்டர்:

முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல்-யு அடியுங்கள். இன்ஸ்பெக்ட் வேண்டாம், அது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பிறகு இருக்கிற பக்கத்தைத்தான் காட்டும். வியூ சோர்ஸில் 6,500 என்று தேடுங்கள். இல்லை என்றால் பாதிக் கதை அங்கேயே முடிந்தது. கூகுளின் பொட் (பக்கங்களைத் தானாக வாசித்துப் போகும் புரோகிராம்) பக்கத்தை குரோம் மாதிரியே ஓட்டிப் பார்த்து, ஜாவாஸ்கிரிப்ட் கொண்டுவருகிற விலையையும் எடுத்துக்கொள்ளும். ஏஐ கருவிகளின் பொட்கள் பல அப்படிச் செய்வதில்லை, சேர்வர் அனுப்புகிற எச்டிஎம்எல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் கூகுளில் சரி, மற்றதில் "விலை இல்லை".

முழு வெப்சைட்டையும் தொட வேண்டாம். விலைப் பக்கம் ஒன்றை மட்டும் ஸ்டாட்டிக் எச்டிஎம்எல்லாக, அதாவது விலை ஏற்கனவே எழுதப்பட்ட கோப்பாக, பில்ட் செய்யுங்கள். வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ மாறுகிற விலையை ஒவ்வொரு தடவையும் ஏபிஐ-யில் (சேர்வரிடம் தரவு கேட்கும் வழி) போய்க் கேட்டு வாங்குவதில் என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

49 டொலர் விஷயம் வேறு. அது கருவி கற்பனை செய்ததாக இல்லாமல், ஜாவாஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கிற ஏதோ ஒரு பொட்டுக்கு உங்கள் சேர்வர் சொன்ன விலையாக இருக்கலாம். இந்த பொட்கள் பெரும்பாலும் அமெரிக்க டேட்டா சென்டர்களில் இருந்து வருகின்றன, வந்தவர் எந்த நாடு என்று பார்க்கிற உங்கள் ஐபி சோதனை அவற்றை வெளிநாட்டு ஆள் என்று நினைத்து டொலரைக் காட்டியிருக்கும். வந்தவர் யார் என்று பார்த்து விலையை மாற்றாமல் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: இலங்கை விடுதிகளுக்கு இவ்வளவு, வெளிநாட்டு விடுதிகளுக்கு இவ்வளவு. வெளிநாட்டுக்காரர் ரூபா விலையைக் கண்டுவிடுவார் என்ற பயம் இருந்தால், விபிஎன் போட்ட எவரும் அதை எப்போதோ பார்த்திருப்பார்கள்.

கணக்குக்கொப்பி:

ரவுட்டர் சொன்னதைச் செய்து எண் எச்டிஎம்எல்லில் வந்துவிட்டாலும் அரைவாசிதான் சரி. நான் டெவலப்பர் இல்லை, கம்பனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன், இப்படியான விலைப் பக்கங்களோடு மல்லுக்கட்டுவது என் அன்றாட வேலை.

உங்கள் கார்டை மனதில் வைத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் "ரூ. 6,500", கொஞ்சம் தள்ளிச் சின்னதாக "/மாதம்", திட்டத்தின் பெயர் மேலே வேறொரு பெட்டியில், கீழே ஒரு நட்சத்திரம், அந்த நட்சத்திரத்துக்கான விளக்கம் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில். மனிதக் கண் இதைச் சேர்த்து வாசித்துவிடும். கருவிகள் பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்கும்போது எண் ஒரு துண்டிலும் நிபந்தனை இன்னொரு துண்டிலும் போய்விடலாம். "ரூ." என்பதும் யாருடைய ரூபா? இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ் எல்லாமே ரூபாதான். ஆகவே ஒவ்வொரு திட்டத்துக்கும் கீழே முழு வாக்கியமாக எழுதுங்கள்: "சிறு விடுதித் திட்டம்: 10 அறைகள் வரை, மாதம் 6,500 இலங்கை ரூபா, வற் வரி இதில் சேரவில்லை." அழகு கெட்டுப்போகும் என்று டிசைனர் சொல்வார், சொல்லட்டும்.

வற் (பெறுமதி சேர் வரி) விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். நீங்கள் வற் பதிவு செய்திருந்தால் 6,500 என்பது பில்லில் 7,670 ஆகும். பதிவு இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். வாடிக்கையாளர் ஏஐயிடம் 6,500 என்று கேட்டுவிட்டு வந்து பில்லில் 7,670 பார்த்தால் அந்தக் கோபம் உங்கள் மேல்தான் வரும், கருவி மேல் வராது.

மாதம்/வருடம் பொத்தானிலும் இதே சிக்கல். வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் "மாதம் 5,400" என்று காட்டுகிறீர்கள் என்று வைப்போம். அதற்குப் பக்கத்தில் "ஒரே தடவையில் 64,800 ரூபா கட்ட வேண்டும்" என்ற மொத்தத் தொகை இல்லாவிட்டால் கருவி 5,400-ஐ மாதாந்தத் திட்டத்தின் விலையாகவே சொல்லிவிடும். பொத்தானை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு விலையும் எச்டிஎம்எல்லில் எப்போதும் இருக்கட்டும். அட்டவணையில் டிக் படத்துக்குப் பதிலாக "உண்டு", "இல்லை" என்று எழுத்தில் போடுங்கள். படம்தான் வேண்டும் என்றால் அதற்குள் மறைவாகவாவது எழுத்து இருக்க வேண்டும், பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடருக்கும் அதுதான் தேவை.

மூதூர்_லினக்ஸ்:

எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டியை ஏன் இப்படி ஒதுக்குகிறீர்கள்? கொஞ்ச நேர வேலை, போட்டுவிட்டுப் போகலாமே. விலை போன்ற விவரங்களைக் கருவிகளுக்கென்று பக்கத்தின் கோடில் குறித்து வைக்கிற ஸ்கீமாவும் சேர்த்துப் போடுங்கள்.

ஓர்ஸ்ஹில்_ரவுட்டர்:

@மூதூர்_லினக்ஸ் போடுவதில் தப்பில்லை, ஆனால் அதை மருந்து என்று விற்காதீர்கள். 2024 செப்டெம்பரில் ஏஐ ஆய்வாளர் ஜெரமி ஹோவர்ட் முன்வைத்த யோசனை அது, கூகுள் தேடலில் அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய தொந்தரவு, விலையை இரண்டு இடத்தில் எழுத வேண்டி வரும். அடுத்த வருடம் விலை கூட்டும்போது பக்கத்தை மாற்றுவீர்கள், அந்தக் கோப்பை மறப்பீர்கள். பிறகு பழைய விலையை உலகத்துக்குச் சொல்கிறவர் நீங்களேதான்.

ஸ்கீமா வேறு கதை, அதைப் போடலாம். சொஃப்ட்வெயர் அப்ளிகேஷன் என்ற வகைக்குள் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு ஒஃபர். விலையில் கொமா வேண்டாம், 6500 என்று வெறும் எண், நாணயத்துக்கு எல்கேஆர் என்ற மூன்றெழுத்துக் குறியீடு, ரூ. என்று எழுதக்கூடாது. கண்ணுக்குத் தெரிகிற விலையும் அதற்குள் இருக்கிற விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஆகவே இரண்டும் ஒரே டேட்டா ஃபைலில் இருந்து பில்டில் உருவாகட்டும், கையால் எழுதாதீர்கள். ஆனால் பக்கத்தில் எழுத்தாக இல்லாத விலையை ஸ்கீமா மட்டும் காப்பாற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, கதவு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெப்சைட்டுக்கு முன்னால் நின்று வருகிறவர்களை வடிகட்டும் கிளவுட்ஃபிளேர் சேவையின் பின்னால் இருந்தால் அங்கே ஏஐ பொட்களைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது, 2025 ஜூலையில் புதிய டொமைன்களுக்குத் தடுப்பதே வழமை என்று அறிவித்தார்கள். எந்த பொட் வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரொபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் யாரோ எழுதி வைத்த பழைய தடையும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடாதீர்கள்: ஓப்பன்ஏஐ-யில் ஜிபிடிபொட் மொடலைப் பயிற்றுவிக்கத் தரவு எடுப்பது, ஓஏஐ-சேர்ச்பொட் தேடலுக்கானது, சாட்ஜிபிடி-யூசர் ஆள் கேட்கிற நேரத்தில் பக்கத்தைத் திறக்க வருவது. பயிற்சிக்குக் கொடுக்க விருப்பம் இல்லை என்றால் முதலாவதை மட்டும் மறித்துவிட்டு மற்ற இரண்டையும் விடலாம்.

நிலாவெளி_ரூம்ஸ்:

நான் கொம்பியூட்டர் படித்த ஆள் இல்லை தம்பி, வாங்குகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். இங்கே மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் வெள்ளைக்காரர் கூட்டம். நவம்பர், டிசம்பர் மழைக்கு அறைகள் சும்மா கிடக்கும். நான் இப்படியான சொஃப்ட்வெயர் தேடும்போது ஏஐயிடம் முதலில் கேட்டது "சீசன் இல்லாத மாதத்துக்கும் காசு கட்ட வேண்டுமா" என்றுதான். ஒரு கம்பனியின் பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. அது என்ன செய்தது தெரியுமா, வேறு ஏதோ வெளிநாட்டுச் சொஃப்ட்வெயரின் விதியை எடுத்து எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டது. நானும் நம்பிவிட்டேன், பிறகு கோல் எடுத்துக் கேட்டால் அவர்களிடம் அப்படி இல்லையாம்.

அறை 10-க்கு மேல் ஒன்று கூடினால் அடுத்த திட்டத்துக்குப் போக வேண்டுமா, வந்து பழக்கித் தருவதற்குத் தனிக் காசா, இடையில் விட்டால் என்னுடைய புக்கிங் விவரங்கள் கையில் கிடைக்குமா, இதெல்லாம் விலைதானே? "தொடர்பு கொள்ளவும்" என்று மட்டும் போட்டவர்களை நான் பார்ப்பதே இல்லை, சீசன் நேரத்தில் யாருக்குக் கோல் எடுக்க நேரம்.

உப்புவெளி_கோடர்:

எல்லோருக்கும் நன்றி. சோர்ஸ் பார்த்தேன், வெறும் டிவ் (காலிப் பெட்டி) ஒன்றுதான் இருக்கிறது, விலை எங்கேயும் இல்லை. கிளவுட்ஃபிளேரில் தடை இல்லை, அதனால் விலைப் பக்கத்தை மட்டும் ஸ்டாட்டிக்காக மாற்றுகிறோம், ரூபாவும் டொலரும் ஒரே பக்கத்தில்.

@நிலாவெளி_ரூம்ஸ் அண்ணா, சீசன் இல்லாத காலத்துக்கு நாங்கள் ஏற்கனவே நிறுத்தி வைக்கும் வசதி கொடுக்கிறோம், ஒக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் 1,000 ரூபா மட்டும், தரவு அப்படியே இருக்கும். கோல் எடுத்தவர்களுக்குத்தான் அதைச் சொல்கிறோம், பக்கத்தில் எழுதவில்லை. இப்போது கேள்வி-பதிலாகச் சேர்க்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. பழைய விலையோடு ஒரு பிடிஎஃப் விளக்கக் கோப்பு சேர்வரில் கிடக்கிறது, எங்கேயும் லிங்க் இல்லை, அதுவும் பிரச்சினையா? தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பக்கம் வேண்டுமா?

ஓர்ஸ்ஹில்_ரவுட்டர்:

பிடிஎஃப்பைத் தூக்கிவிடுங்கள். நீங்கள் லிங்க் கொடுக்காவிட்டாலும் எப்போதோ யாரோ கொடுத்திருப்பார்கள். அந்த முகவரியைப் புதிய விலைப் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்வது நல்லது. விலைப் பக்கத்தில் "இந்த விலைகள் இந்தத் திகதி முதல்" என்று எழுதுங்கள், இரண்டு விலை கண்ணில் பட்டால் எது புதியது என்று தெரிய வேறு வழி இல்லை. மாற்றியதும் பிங் வெப்மாஸ்டரில் பக்கத்தைத் திரும்பக் கொடுங்கள், மைக்ரோசொஃப்டின் ஏஐ கருவியான கோபைலட் பிங்கை வைத்துத்தான் ஓடுகிறது.

கணக்குக்கொப்பி:

மூன்று மொழியிலும் போடுங்கள், ஆனால் எண்கள் ஒரே ஃபைலில் இருந்து வரட்டும். நான் பார்த்த ஒரு பக்கத்தில் சிங்களத்தில் ஒரு விலை, ஆங்கிலத்தில் ஒரு விலை, தமிழில் போன வருட விலை. மாற்றிச் சில கிழமை கழித்து மூன்று மொழியிலும் கேட்டுப் பாருங்கள், "விலை என்ன" என்று மட்டும் கேட்காமல் "12 அறை, ஆறு மாதத்துக்கு எவ்வளவு, வற் சேர்த்து" என்று கேளுங்கள். அதற்கும் ஒக்டோபரில் நிறுத்தி வைக்கிறதற்கும் சரியான பதில் வந்தால் பக்கம் வேலை செய்கிறது. அந்த 1,000 ரூபாவுக்கும் வற் உண்டா இல்லையா என்று எழுத மறக்க வேண்டாம்.