முதல் கேமிங் பிசி: ரைசன் 5600-ஆ, 7600-ஆ?

வணக்கம் நண்பர்களே. சிக்கனமாக முதல் கேமிங் பிசி அசெம்பிள் செய்யப்போகிறேன். 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் கையில் இருக்கிறது. குழப்பமெல்லாம் பிராசசரில்தான்: ஏஎம்டி கம்பெனியின் ரைசன் வரிசையில் எதை எடுப்பது?

ரைசன் 5 5600 எடுத்தால் செலவு குறையும், மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டில் போடலாம். ஆனால் அது பழைய ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), பழைய தலைமுறை டிடிஆர்4 ரேம். 7600 என்றால் புதிய ஏஎம்5 சாக்கெட். பின்னால் போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதில் உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு வாங்கும்வரை திரையில் படமாவது தெரியும். 5600-இல் அதுவும் கிடையாது.

அப்புறம், கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி மெமரி போதுமா, செகண்ட் ஹேண்டில் 12 ஜிபி தேடலாமா? எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) மட்டும் சிக்கனம் பார்க்கப்போவதில்லை. கலர் விளக்கெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இதே இழுபறியில் இருந்தவர்கள் எந்தப் பக்கம் போனீர்கள்?