விமானம் நின்ற பிறகும் கம்பெனிகளுக்கு என்ன செலவு? என் டிக்கெட் பணம் எங்கே போனது?

புதுக்கோட்டையான்:

அக்கா மகள் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படிக்கிறாள். கொரோனா சமயத்தில் விமான கம்பெனிகளுக்கு என்ன ஆச்சு என்று ப்ராஜெக்ட் செய்ய வேண்டுமாம், "மாமா, நீங்கதான் அப்ப சிங்கப்பூர்ல இருந்தீங்களே, சொல்லுங்க" என்று தினமும் போன். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கதைதான்.

2020 ஏப்ரலில் தங்கை கல்யாணம். நான், மனைவி, பையன் மூன்று பேருக்கும் ஜனவரியிலேயே திருச்சிக்குப் போக வர டிக்கெட் போட்டாச்சு. மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானம் எதுவும் இந்தியாவில் இறங்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். ஊரில் பதினைந்து பேரோடு வீட்டுத் திண்ணையிலேயே தாலி கட்டினார்கள். நான் இங்கே நாலாவது மாடி ஹாலில் வேட்டி கட்டிக்கொண்டு வீடியோ காலைப் பார்த்து அட்சதை போட்டேன், சோபாவுக்கு அடியில் போன அரிசியை மனைவி இரண்டு நாள் பெருக்கினாள்.

கல்யாணம் போனால் போகட்டும், பணம்? கம்பெனிக்கு போன் போட்டால் டிராவல்ஸில் கேளுங்கள் என்றார்கள், டிராவல்ஸ்காரர் "கம்பெனி இன்னும் அனுப்பல சார்" என்றார். பத்து மாதம் கழித்து வந்ததும் வவுச்சர்தான், காசு இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். விமானம் பறக்கவில்லை என்றால் எண்ணெய் வேண்டாம், ஏர்போர்ட் கட்டணம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். செலவு மிச்சம்தானே? எங்கள் ஊரில் ஒற்றை லாரி வைத்திருப்பவரே எப்படியோ சமாளித்தார். இவ்வளவு பெரிய கம்பெனிகள் இரண்டே மாதத்தில் அரசாங்கத்திடம் கையேந்தியது ஏன்? நம்மிடம் வாங்கிய பணம் எங்கே?

---

டிக்கெட்மாமா:

"கம்பெனி இன்னும் அனுப்பல" என்ற பாட்டை நானும் ஒரு வருடம் பாடியவன் சார், திருச்சியில் சின்ன டிராவல்ஸ். அதனால் கோபப்படாமல் கேளுங்கள்.

நீங்கள் ஜனவரியில் கட்டிய பணம் ஏப்ரல் வரை பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இருக்காது. அது அந்த வாரமே எண்ணெய் பில்லுக்கும் சம்பளத்துக்கும் போய்விடும். ஏப்ரலில் உங்களை ஏற்றிப் போகும் செலவை ஜூலையில் பறக்கப் போகிறவர் கட்டும் பணம் பார்த்துக்கொள்ளும். புதுசாக வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. 2020 மார்ச்சில் என்ன நடந்தது? புது புக்கிங் சுத்தமாக நின்றது, பழைய டிக்கெட்காரர்கள் மொத்தமாக வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த நிலையில் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் கை விரிக்கத்தான் செய்யும்.

எங்கள் நிலைமை இன்னும் மோசம். மலிவு விமான கம்பெனிகளில் ஏஜென்ட் முன்கூட்டியே டெபாசிட் கட்டி வைப்போம், டிக்கெட் போடப் போட அதில் கழியும். ரத்தானதும் பணம் அந்தக் கணக்குக்கே கிரெடிட்டாக வந்து உட்கார்ந்தது. திரையில் லட்சக்கணக்கில் தெரியும், கையில் எடுக்க முடியாது, அதை வைத்து வேறு டிக்கெட் போடலாம் என்றால் பறக்கத்தான் விமானமே இல்லையே! கட்டட வேலைக்குப் போகிற பையன் ஒருவன், மன்னார்குடி பக்கம், வட்டிக்கு வாங்கி டிக்கெட் போட்டவன், தினமும் கடை வாசலில் வந்து உட்காருவான். சண்டை போட மாட்டான், சும்மா உட்காருவான். அதைத் தாங்க முடியாமல் மனைவியின் வளையலை வைத்துக் கொடுத்தேன். கம்பெனியிடமிருந்து எனக்கு வந்து சேர அடுத்த வருடம் ஆனது.

உங்கள் அக்கா மகள் குறித்துக்கொள்ளட்டும்: இந்தியாவில் இது உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. ஊரடங்கு நாட்களிலேயே, அந்த நாட்களில் பறப்பதற்குப் போட்ட டிக்கெட்டுக்கு உடனே முழுப் பணம். அதற்கு முன்பே போட்டிருந்தால் பதினைந்து நாளில் பணம், கம்பெனிக்கு முடியவில்லை என்றால் 2021 மார்ச் 31 வரை செல்லும் கிரெடிட் ஷெல், அதாவது அந்தப் பணத்தில் பிறகு வேறு டிக்கெட் போட்டுக்கொள்ளும் வரவு. சும்மா வைத்திருக்கக் கூடாது என்று ஜூன் வரை மாதம் அரை சதவீதம், அதன் பிறகு முக்கால் சதவீதம் சேர்த்துத் தரச் சொன்னார்கள். ஏஜென்ட் மூலம் போட்டது ஏஜென்ட் மூலமாகவே திரும்ப வேண்டும் என்பதும் அதில் உண்டு, எங்களைப் போன்றவர்களின் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றியது அதுதான்.

---

ஹாங்கர்வாசி:

லாரி உதாரணம் சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. நான் சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் விமானப் பராமரிப்பில் இருப்பவன். பூட்டிப் போட்ட வீடு குடியிருக்கும் வீட்டைவிடச் சீக்கிரம் பாழாகும் என்பார்களே, விமானமும் அப்படித்தான்.

2020 மார்ச் 23 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சேவையில் 96 சதவீதத்தை வெட்டுவதாக அறிவித்தது, அதன் துணைக் கம்பெனி சில்க்ஏரையும் சேர்த்து இருந்த 147 விமானங்களில் 138 தரையில். இந்தியாவிலோ அமெரிக்காவிலோ உள்நாட்டுப் பயணம் என்று ஒன்று இருக்கிறது, மே 25 முதல் இந்தியாவில் உள்நாட்டு விமானமாவது ஓடியது. சிங்கப்பூரில் எங்கே ஏறி எங்கே இறங்குவது? எல்லை மூடினால் எல்லாம் மூடல்.

நிறுத்தினால் செலவில்லை என்று நினைப்பவர் ஒரு நாள் வந்து பார்த்திருக்க வேண்டும். என்ஜினின் முன்னும் பின்னும் உறை போட்டுக் கட்ட வேண்டும். உள்ளே ஈரம் சேராமல் சிலிகா ஜெல் பைகள், புது செருப்பு டப்பாவில் குட்டிப் பொட்டலம் இருக்குமே அதேதான், இங்கே தலையணை அளவு. தண்ணீர்த் தொட்டியை வடித்துவிட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகும், அதனால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி வைக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியில் பூஞ்சை பிடிக்காமல் மருந்து. வேகத்தை அளக்க மூக்குப் பக்கம் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் குளவி மண் வைத்துக் கூடு கட்டிவிட்டால் பைலட்டுக்கு வேகமே தெரியாது, எனவே அதற்கும் உறை, உறையை எடுக்க மறந்துவிடக் கூடாது என்று சிவப்பு நாடா. ஒரு விமானத்துக்கு இப்படி எத்தனை உறை, எத்தனை நாடா, அத்தனைக்கும் கையெழுத்து. முடித்துவிட்டோம் என்று போக முடியாது, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை திரும்ப வந்து முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் ஈரத்துக்கு இது தாங்காது என்று சிலவற்றை ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி தன் ஏ380 என்ற இரட்டை மாடி விமானங்களை அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நிறுத்தியது, அங்கே சக்கரப் பக்கம் விஷப்பாம்பு சுருண்டு கிடக்குமாம், விளக்குமாற்றுக் கட்டையால் தட்டி விரட்டிய பிறகுதான் வேலை. 2020 ஜூலையில் அமெரிக்க விமானத் துறை, ஏழு நாளுக்கு மேல் நின்ற பழைய ரக போயிங் 737 விமானங்களில் ஒரு வால்வு துருப்பிடித்து என்ஜினே அணையலாம், பறக்குமுன் சோதியுங்கள் என்று அவசர உத்தரவு போட்டது. ஏழே நாள்!

இதெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு லீஸ். உலகத்தில் ஏறக்குறைய பாதி விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை, பறந்தாலும் நின்றாலும் மாத வாடகை. அப்புறம் காப்பீடு, நிறுத்தும் இடத்துக்குக் கட்டணம், கடன் வட்டி. பைலட் 90 நாளில் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பயணிகளை ஏற்ற முடியாது, அதற்காக சிமுலேட்டரில், அதாவது பைலட் அறை மாதிரியே இருக்கும் பயிற்சி எந்திரத்தில், உட்கார வைக்க வேண்டும், அதற்கும் காசு.

எண்ணெய் மிச்சம் என்றீர்களே, அதில்தான் பெரிய கூத்து. விலை ஏறிவிடும் என்று பயந்து பல கம்பெனிகள் முன்கூட்டியே ஒரு விலைக்கு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தன. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. சந்தை விலை ஒப்பந்த விலைக்குக் கீழே போனதால் வாங்காத எண்ணெய்க்கும் அந்த வித்தியாசத்தை நஷ்டமாகக் கட்டினார்கள், சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இதில் நன்றாக அடிபட்டது. அக்டோபரில் சாங்கியில் நின்ற ஏ380க்குள்ளேயே சாப்பாட்டுக்கடை திறந்தார்கள், தனி அறை போன்ற சூட்ஸ் வகுப்பில் சாப்பிட 642 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. சிரிக்கலாம்தான், ஆனால் 2020-21 கணக்கில் அந்த கம்பெனியின் நஷ்டம் 427 கோடி சிங்கப்பூர் வெள்ளி, சாப்பாடு போட்டு அடைக்கிற ஓட்டையா அது?

---

கணக்குப்பிள்ளை:

மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் கம்பெனிகளை ரொம்பப் பாவப்பட்டவர்களாக ஆக்க வேண்டாம். அமெரிக்கப் பெரிய கம்பெனிகள் அதற்கு முந்தைய பத்து வருடம் நல்ல லாபம் பார்த்தன, அதில் பெரும் பகுதியைத் தங்கள் பங்குகளையே திரும்ப வாங்கிச் செலவழித்தன. மழைக்காலத்துக்கு விறகு சேர்க்காமல் இருந்துவிட்டு, மழை வந்ததும் 2,500 கோடி டாலர் சம்பள உதவி அரசாங்கத்திடமிருந்து. ஜெர்மனி தன் நாட்டு விமான கம்பெனி லுஃப்தான்சாவுக்கு 900 கோடி யூரோ கொடுத்தது, ஆனால் சும்மா இல்லை, 20 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. அது நியாயம் என்பேன்.

இந்தியாவில் அப்படி நேரடியாக எதுவும் கிடைக்கவில்லை. இண்டிகோ 2020 ஜூலையில் பத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது. தாங்க முடியாதவை விழுந்தன: தென் அமெரிக்காவில் லாட்டம், அவியாங்கா இரண்டும் மே மாதமே திவால் பாதுகாப்பு கேட்டன, தாய்லாந்தின் தாய் ஏர்வேஸ் நீதிமன்றம் வழியாக மறுசீரமைப்புக்குப் போனது, ஹாங்காங்கில் கத்தே டிராகன் பெயரே அழிந்தது. உலகம் முழுக்க 2019இல் சுமார் 450 கோடி பேர் பறந்தார்கள், 2020இல் சுமார் 180 கோடி. ப்ராஜெக்டில் இந்த ஒரு வரி போதும், மிச்சத்தை டீச்சரே புரிந்துகொள்வார்.

---

முருங்கைக்காய்:

டிக்கெட் டிக்கெட் என்றே பேசுகிறீர்கள், விமானத்தின் வயிற்றில் என்ன போகிறது என்று யாரும் கேட்கவில்லையே. நாங்கள் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் காய்கறி, வாழை இலை, பூ அனுப்புகிறவர்கள். உங்கள் சீட்டுக்கு நேர் கீழேதான் எங்கள் முருங்கைக்காய் வரும். உலக விமானச் சரக்கில் கிட்டத்தட்ட பாதி இப்படிப் பயணி விமானத்தின் வயிற்றில்தான் போகிறது, தனிச் சரக்கு விமானத்தில் இல்லை. பயணியை நிறுத்தியபோது அந்தப் பாதியும் நின்றது.

மல்லிகை ஒரு நாள் தாங்கும். அந்த மார்ச் கடைசியில் ஐஸ் பெட்டியில் அடுக்கி வைத்த மொட்டு, ஏர்போர்ட் வாசலில் இருந்து திரும்பி வந்து, மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் பழுப்பு நிறம். கடை முழுக்க மணம், வாங்க ஆளில்லை. மே 7 முதல் வந்தே பாரத் விமானங்கள் வந்தபோதுதான் மூச்சு விட்டோம், ஆட்களை அழைத்துவரக் காலியாகப் போகிற விமானத்தில் சரக்கு ஏற்ற இடம் கிடைத்தது, வாடகை மட்டும் பழையபடி இல்லை, கிலோவுக்கு இரட்டிப்பைத் தாண்டியது.

இதே நேரத்தில் உலகமே முகக்கவசத்துக்கும் மருந்துக்கும் அடித்துக்கொண்டது. பல கம்பெனிகள் சீட்டைக் கழற்றிவிட்டு, சில இடங்களில் கழற்றாமலே சீட்டு மேல் பெட்டியை வைத்து வலை போட்டுக் கட்டிப் பறந்தன. கொரியன் ஏர் அந்த வருடம் சரக்கை வைத்தே செயல்பாட்டு லாபம் காட்டியது. சீட்டில் மனிதனுக்குப் பதில் மாஸ்க் பெட்டி, அதுவும் சாப்பாடு கேட்காது!

---

பலாலிப்பெடியன்:

நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு 2019 நவம்பரில்தான் எங்கள் ஊர் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கியது. அதற்கு முன் சென்னைக்குப் போவதென்றால் இரவு முழுக்க பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கேயிருந்து கட்டுநாயக்க விமான நிலையம். அப்பாவைக் கண் சத்திரசிகிச்சைக்கு ஒருமுறை அப்படிக் கூட்டிப்போனோம். அடுத்த தவணை 2020 ஏப்ரலில், பலாலியால் ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று அவருக்குச் சந்தோசம். மார்ச்சில் நின்றது. கட்டுநாயக்க 2021 ஜனவரியில் திறந்தது, பலாலி–சென்னை திரும்ப ஓடத் தொடங்கியது 2022 டிசம்பர் 12 அன்று. பெரிய கம்பெனி விழுந்ததைக் கதைக்கிறார்கள், நாலு மாதம் மட்டும் ஓடிய சின்ன வழி ஒன்று இரண்டே முக்கால் வருடம் மூடிக் கிடந்ததை ஒருவரும் எழுதவில்லை. அப்பா இரண்டாவது கண்ணைக் கொழும்பிலேயே செய்துகொண்டார்.

---

புதுக்கோட்டையான்:

எல்லாருக்கும் நன்றி. அப்பா இப்போது சுகம்தானே தம்பி?

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. நின்றபோது நஷ்டம், சரி. திறந்த பிறகு டிக்கெட் ஏன் அந்த விலை? 2022 தீபாவளிக்கு ஊருக்குப் போகப் பார்த்து, விலையைப் பார்த்துவிட்டுப் பொங்கலுக்குத் தள்ளிப்போட்டேன்.

---

ஹாங்கர்வாசி:

ஆள் இல்லை, விமானம் இல்லை, கூட்டம் மட்டும் இருந்தது. இந்தியா வழக்கமான சர்வதேச சேவையைத் திறந்ததே 2022 மார்ச் 27 அன்று, அதுவரை நாட்டுக்கு நாடு தனி ஒப்பந்தம் போட்டு எண்ணி எண்ணி விமானம் விட்டார்கள். இரண்டு வருடம் ஊருக்குப் போகாதவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கிளம்பினோம். வேலையை விட்டு அனுப்பிய ஆட்களோ திரும்பி வரவில்லை. எங்கள் ஹாங்கரிலேயே, விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையிலேயே, என்னோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்த ஒருவர் இப்போது டெலிவரி கம்பெனியில், கூப்பிட்டால் "முதுகு வலி இல்லாம இருக்கேன்டா" என்கிறார். புது ஆள் ஒருவரை விமானத்தில் கையெழுத்துப் போடும் அளவுக்குத் தயார் செய்யப் பல வருடம் ஆகும். லண்டன் ஹீத்ரோவில் அந்தக் கோடையில் பெட்டி தூக்க ஆளில்லாமல், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புறப்படக் கூடாது, இனி டிக்கெட்டே விற்காதீர்கள் என்று கம்பெனிகளிடம் சொன்னார்கள். அப்புறம் விலை எப்படி இறங்கும்? போதாததற்கு வாங்கிய கடனை வேறு அடைக்க வேண்டும், அதை நம் டிக்கெட்டில்தான் போடுவார்கள்.

---

டிக்கெட்மாமா:

புதுக்கோட்டை சார், அந்த வவுச்சரைப் பயன்படுத்தினீர்களா?

---

புதுக்கோட்டையான்:

இரண்டு பேருடையதைப் பயன்படுத்தினேன். பையனுடையது தேதி முடிந்துபோனது, அவன் வயதில் பாதி டிக்கெட் என்று போட்டது, புது டிக்கெட் போடும்போது முழு டிக்கெட் வயதாகிவிட்டது, வித்தியாசத்தைக் கட்டுங்கள் என்றார்கள், பார்க்கலாம் என்று விட்டதில் போய்விட்டது. தங்கைக்கு இப்போது இரண்டாவது குழந்தை, காதுகுத்து மே மாதம். இந்த முறை டிக்கெட்டை உங்களிடமே போடலாமா மாமா?