அப்பாயி பாடும்போது ரெக்கோடிங் பாதியில் அறுந்துபோகிறது, என்ன செய்யலாம்?

மேல்பிரிவுப் பேரன் (தலவாக்கலை)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பாயிக்கு 81 வயது. தேயிலைத் தோட்டத்தில் 40 வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி என்று அவருக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். சொல் மட்டும்தான் கொப்பிக்குள் வந்தது. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் அவர் மூச்சைப் பிடித்து ஆராரோவை இறக்குகிற அந்த இழுப்பை எப்படி எழுதுவது? அதனால்தான் பதியத் தொடங்கினேன்.

இரண்டாம் கையாக வாங்கிய லெப்டொப். ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10, பழைய ஹார்ட் டிஸ்க். சி ட்ரைவில் இடம் இல்லாததால் பென் ட்ரைவில் பதிகிறேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி ஓடியோ இன்டர்பேஸ் ஒன்று, கண்டென்சர் மைக் ஒன்று. 24 பிட், 44,100, மோனோ, பஃபர் 128. மென்பொருள் இலவசமாகக் கிடைத்த ஒன்று. தகரக் கூரைச் சத்தத்தைக் குறைக்க ஒரு இரைச்சல் நீக்கும் ப்ளகினையும் போட்டே பதிகிறேன்.

முதல் தொல்லை, அரை நிமிடத்துக்கு ஒரு தரம் 'சட்' என்று ஒரு வெட்டு. அதைப் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிறு நடந்ததுதான் தாங்க முடியவில்லை. 22 நிமிடம் அளவில் திரை வெளுத்து, மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. அப்பாயி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார், நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. முடித்துவிட்டு, "எல்லாம் உள்ள போயிருச்சா?" என்று கேட்டார்.

மறுநாள் அதே தாலாட்டைப் பாடினார். ஆனால் அவருடைய அம்மா மண்டபம் கேம்பில் (இலங்கைத் தோட்டங்களுக்கு வருகிறவர்களைக் கப்பலேற்றுமுன் இந்தியக் கரையில் நிறுத்தி வைத்த முகாம்) காத்துக் கிடந்ததைச் சொல்லும் நாலைந்து அடி மறுநாள் வரவில்லை. கேட்டதற்கு, அப்படி ஒன்று பாடியதாகவே நினைவில்லை என்கிறார்.

பென் ட்ரைவில் 166 எம்பி வேவ் கோப்பு ஒன்று கிடக்கிறது. திறந்தால் 0 விநாடி என்று காட்டுகிறது. மென்பொருளை மாற்றவா, லெப்டொப்பையே மாற்றவா? லெப்டொப் மாற்ற இப்போது வசதி இல்லை.

---

ஊவாக்காரன் (பதுளை)

தம்பி, முதல் வேலையாக அந்தப் பென் ட்ரைவைக் கழற்றி வையுங்கள். அதில் புதிதாக எதையும் பதிய வேண்டாம். பிறகு அந்தக் கோப்பை வேறொரு கணினியில் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள்.

குரல் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். வேவ் கோப்பின் தொடக்கத்தில் ஒரு சின்னத் தலைப்பகுதி உண்டு, வழக்கமாக 44 பைட். உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்ற கணக்கு அதில்தான் இருக்கும். பல மென்பொருள்கள் அந்தக் கணக்கைப் பதிவு முடிந்து கோப்பை மூடும்போதுதான் சரியாக எழுதுகின்றன. உங்களுடையது மூடாமலே செத்துவிட்டது, அதனால்தான் 0 விநாடி. 24 பிட் மோனோவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 7.6 எம்பி போகும். 166 எம்பி என்றால் 21 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

ஓடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் ஃபைல் மெனுவுக்குப் போய் இம்போர்ட், அதில் ரோ டேட்டா. சைன்ட் 24 பிட், லிட்டில் எண்டியன், மோனோ, 44100, தொடக்கம் 44 பைட் என்று கொடுங்கள். ஸ்பீக்கர் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். வெறும் 'ஷ்ஷ்' இரைச்சல் வந்தால் பயப்பட வேண்டாம். 24 பிட்டில் ஒரு மாதிரிக்கு (சாம்பிள், ஒலியின் ஒரு அளவீடு) மூன்று பைட். ஒரு பைட் தள்ளிப்போனாலும் எல்லாம் இரைச்சலாகிவிடும். 45, 46 என்று மாற்றிப் பாருங்கள்.

---

இசை டீச்சர் (பண்டாரவளை)

கோப்புக்கு அண்ணன் சொல்லிவிட்டார். நான் வெட்டு விழுவதைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இதே தொல்லை இரண்டு வருசம் இருந்தது, மூன்று மென்பொருள் மாற்றியும் தீரவில்லை.

ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள். பஃபர், அதாவது ஒரு கட்டில் எத்தனை மாதிரி என்பது, 128 என்றால் 3 மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்குள் கணினி ஒவ்வொரு கட்டையும் எடுத்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வைஃபையோ வேறு எதுவோ அதை மறித்தால் அந்தக் கட்டு தவறிவிடும், அதுதான் 'சட்'. 512 வைத்தால் 11 மில்லி விநாடிக்கு மேல் கிடைக்கும். அப்பாயி ஹெட்செட்டில் தன் குரலைக் கேட்டுக்கொண்டா பாடுகிறார்? இல்லையே. அப்படியானால் 1024 வைத்தாலும் ஒரு நட்டமும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டுமென்றால் இன்டர்பேஸிலேயே டிரெக்ட் மொனிட்டர் இருக்கும், அதில் கேளுங்கள்.

அந்த ப்ளகினைப் பதியும்போது எடுத்துவிடுங்கள் தம்பி, இதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். மென்பொருளுக்குள்ளேயே ஓடுகிற ப்ளகின் விழுந்தால் மென்பொருளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இரைச்சலைப் பிறகு ஆற அமர நீக்கலாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் சந்தேகமான ப்ளகினைத் தனியாக ஓடவிடும் வசதி இருக்கிறது; அது விழுந்தாலும் பதிவு தப்பும். பென் ட்ரைவையும் விடுங்கள், பல பென் ட்ரைவ்கள் எழுதும்போது நடுவில் திணறும். சி ட்ரைவில் இருக்கும் படங்களைப் பென் ட்ரைவுக்கு மாற்றிவிட்டு, பாட்டை உள்ளே பதியுங்கள்.

இன்டர்பேஸ் செய்த நிறுவனத்தின் சொந்த ஏசியோ ட்ரைவரைப் போடுங்கள். ஸ்டைன்பெர்க் 1997இல் கொண்டுவந்த முறை அது. விண்டோஸின் ஒலிக்கலவைக்குள் நுழையாமல் நேராகப் பேசும். அப்புறம் லேட்டன்சிமொன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த ட்ரைவர் மறிக்கிறது என்று பெயரோடு காட்டும்.

இன்னொன்று. லெப்டொப்பை எதன்மேல் வைக்கிறீர்கள்? குளிருக்குக் கட்டிலில் கம்பளியை விரித்து அதன்மேல்தானே? எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. அடியில் இருக்கும் காற்றுவழி அடைத்து, சூடேறி, கணினி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நுவரெலியாக் குளிரானாலும் கம்பளிக்குள் சூடு சூடுதான். ஒரு பலகையின்மேல் வையுங்கள்.

---

ஊவாக்காரன் (பதுளை)

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெட்டரி நன்றாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள், பவர் பிளானை மட்டும் ஹை பெர்போமன்ஸில் வையுங்கள். சார்ஜரால் வரும் 'ங்ங்' இரைச்சலும் போகும். ஏப்ரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்நேரத்தில் இடி இறங்கும் காலத்தில் எதையும் சுவரில் குத்தி வைக்க வேண்டாம். காலையிலேயே பதிந்துவிடுங்கள்.

---

மேல்பிரிவுப் பேரன் (தலவாக்கலை)

அண்ணன், டீச்சர், இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. 44இல் இரைச்சல். 45இலும் இரைச்சல். 46 கொடுத்ததும் அப்பாயி இருமினார், அப்புறம் பாட்டு வந்தது. 21 நிமிடம் 55 விநாடி. மண்டபம் அடிகள் 19ஆவது நிமிடத்தில் முழுசாக இருக்கின்றன. உடனே மூன்று இடத்தில் பிரதி எடுத்தேன்.

வெட்டுக்கு லேட்டன்சிமொன் வைஃபை ட்ரைவரைத்தான் காட்டியது. வைஃபையை நிறுத்தி, பஃபரை 512 ஆக்கி, ப்ளகினை எடுத்துவிட்டு, சி ட்ரைவில் 20 ஜிபி காலி செய்தேன். அப்பாயியைக் கஷ்டப்படுத்தாமல், பீலித் தண்ணீர் விழுகிற சத்தத்தை 50 நிமிடம் பதிந்து முழுவதையும் கேட்டேன். ஒரு வெட்டுக்கூட இல்லை. ஆமாம் டீச்சர், கம்பளியின்மேல்தான் வைத்திருந்தேன். இப்போது சப்பாத்திப் பலகையின்மேல் இருக்கிறது.

நேற்று இரவு ஹெட்செட்டைப் போட்டு அந்த அடிகளை அப்பாயிக்குக் கேட்கக் கொடுத்தேன். வாயைத் திறக்காமல் கடைசிவரை கேட்டார். பிறகு, "இதுக்கு அடுத்தாப்புல இன்னும் ரெண்டு அடி இருக்குடா, எங்கம்மா கப்பல்ல அழுதது" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, மழைக்கு முன்னால் உட்காருகிறோம்.