தென்னை ஓலைக்கு அடியில் பஞ்சுப் பொதி ஒன்று நகருகிறது, இது என்ன பூச்சி?

ஆனைமலைத் தோப்பு:
வணக்கங்க. எங்கள் குட்டைத் தென்னையில் வெள்ளை ஈ கடுமையாக இருக்கிறது. அடிமட்டையெல்லாம் கரும்பூஞ்சாணம் பிடித்துக் கறுத்துவிட்டது. நேற்று ஓர் ஓலையைத் திருப்பிப் பார்த்தபோது, மிளகை விடச் சின்னதாக ஒரு வெள்ளைப் பஞ்சு உருண்டை மெதுவாக நடந்து போனது. விரலால் தட்டினால் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நடக்கிறது. பக்கத்து ஓலையில் மயிர் மாதிரி காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சையாக ஒரு புள்ளி. மருந்துக் கடையில் படத்தைக் காட்டினேன். "புதுப் பூச்சி, உடனே அடிங்க" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்கள். இன்னும் வாங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புத்துணி:
அண்ணா, தயவுசெய்து அடிக்காதீர்கள். உங்கள் ஓலையில் இருப்பது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. தென்னையில் இப்படிப் பொதி சுமந்து திரிவது பெரும்பாலும் அபெர்ட்டோகிரைசா அஸ்டர் என்ற இனம். பழைய நூல்களில் மல்லாடா அஸ்டர் என்று இருக்கும். நான் இந்தப் பூச்சி வளர்க்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன், தினமும் கையில் இதுதான்.

ஒரு பூதக்கண்ணாடி கிடைத்தால் அந்தப் பஞ்சு உருண்டையை ஓரமாகப் பாருங்கள். முன்னால் அரிவாள் மாதிரி இரண்டு தாடைகள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே துளையுள்ள தாடைகள் அவை. வெள்ளை ஈயின் குஞ்சைக் குத்திப் பிடித்துச் சாறு முழுவதையும் உறிஞ்சிவிடும். அப்புறம் நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதது. காலியான தோலைத் தாடையால் தூக்கும், தலையைப் பின்னால் வளைத்து முதுகில் வைத்து அழுத்தும். முதுகில் கொக்கி போன்ற மயிர்கள் இருப்பதால் அது அப்படியே மாட்டிக்கொள்ளும். ஓலையில் கிடக்கும் வெள்ளை மெழுகையும் இப்படியே அள்ளி ஏற்றும். நீங்கள் பார்த்த பஞ்சு முழுக்க அது தின்ற பூச்சிகளின் மிச்சமும் மெழுகும்தான். எறும்போ வேறு பூச்சியோ வந்து கடித்தால் வாயில் வெறும் குப்பைதான் சிக்கும்.

காம்பு முட்டையும் இதனுடையதே. தாய்ப்பூச்சி ஓலையில் ஒரு துளி பசையை வைத்து வயிற்றை மேலே தூக்கும். பசை இழையாக நீண்டு சில நொடிகளில் இறுகிவிடும். அதன் நுனியில் ஒரு முட்டை. முதலில் பொரித்த புழு பசியில் அக்காள் தங்கை என்று பார்க்காது, அதனால் காம்பு இல்லாவிட்டால் மற்ற முட்டைகள் மிஞ்சாது. எறும்புக்கும் எட்டாது. மூன்று நான்கு நாளில் பொரித்து, இரண்டு முறை தோல் உரித்து, கிட்டத்தட்ட பத்து நாளில் பட்டுக்கூடு கட்டிவிடும். அந்தப் பட்டு வருவது வாயிலிருந்து இல்லை, பின்புறத்திலிருந்து. புழுவாக இருக்கும் காலம் முழுவதும் கழிவை வெளியேற்றவும் முடியாது, குடல் அடைத்திருக்கும். இறக்கை முளைத்த பிறகுதான் எல்லாம் சேர்ந்து வெளியே வரும்.

பெரிய பூச்சியானதும் தேன், மகரந்தம் என்று சாதுவாகிவிடும். நாங்கள் தேனும் ஆமணக்கு மகரந்தமும் கொடுக்கிறோம். மேலே கட்டிய கறுப்புத் துணியில்தான் முட்டையிடும், கறுப்பில் எடுப்பது சுலபம். புழுக்களுக்கு அரிசி அந்துப்பூச்சியின் முட்டை.

இலைக்கடியில்:
படத்தில் தாடை தெரியவில்லை என்பதால் ஒன்று சேர்க்கிறேன். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவும் வெள்ளையாக இருக்கும். ஆனால் அதன் மெழுகு இழைகள் உடம்பிலேயே வளர்பவை, வரிசையாக இருக்கும். கண்ணாடி இறக்கைப் புழுவின் பொதி ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் சரிந்துகூட இருக்கும். எதுவானாலும் இரண்டும் நமக்கு வேண்டியவையே.

ஆனைமலைத் தோப்பு:
ரொம்ப நன்றிங்க. அரிவாள் தாடை இருக்கிறது, பார்த்துவிட்டேன். இது மட்டும் இருந்தால் வெள்ளை ஈ அடங்கிவிடுமா?

கறுப்புத்துணி:
இது மட்டும் போதாது அண்ணா. இந்தச் சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2016-இல் பொள்ளாச்சியில்தான் இந்தியாவிலேயே முதலில் தென்பட்டது. அதை அதிகம் அடக்குவது என்கார்சியா என்ற மிகச் சின்னக் குளவி. ஓலையில் கறுத்துப்போன வெள்ளை ஈக் கூட்டுப்புழுக்கள் இருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம், அந்த மட்டைகளை வெட்டி எரித்துவிடாதீர்கள். பூச்சிமருந்து அடித்தால் குளவியும் போகும், நம் புழுவும் போகும். வெள்ளை ஈ மறுபடி வரும்போது தடுக்க ஆள் இருக்காது. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம், பாட்டில் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மஞ்சள் ஒட்டும் பொறியில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். கரும்பூஞ்சாணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளித்தால் காய்ந்து உரிந்துவிடும். கண்ணாடி இறக்கைப் பூச்சியை வெளியிலிருந்து விட விரும்பினால் ஏக்கருக்கு 400 முட்டை என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். முட்டை அட்டையை ஓலையின் அடிப்பக்கம், வெயில் தாழ்ந்த பிறகு குண்டூசியால் குத்தி வையுங்கள். எறும்பு ஏறும் மரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.