நட்ட கன்னு எத்தனைன்னு கேக்குறாங்க, ஊத்துல தண்ணி கூடுச்சான்னு கேக்குறதில்ல

கோத்தகிரி பக்கத்துலேர்ந்து:

நான் இங்க ஒரு சின்ன டிரஸ்ட்ல களப்பணி பாக்குறேன். ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் பணத்துல (சமூக வேலைக்குன்னு கம்பெனிங்க ஒதுக்குற பணம்), ஒரு ஹட்டிக்கு (படுகர் ஊரு) மேல இருக்குற சரிவுல வெளிநாட்டுலேர்ந்து வந்த சீகை மரத்த (வாட்டில்) எடுத்துட்டு இந்த மலையோட சொந்தக் காடான சோலையோட மரக் கன்னு வச்சோம், கீழ அந்த ஊரு குடிக்கிற ஊத்து இருக்கு, அதுக்காகத்தான் வேலையே. வருஷக் கடைசில வந்த ஃபார்ம்ல நட்ட கன்னு எத்தனை, பயனாளி எத்தனை பேரு, ஃபோட்டோ, அவ்ளோதான் கேள்வி. ஜூலை மழைல நட்டத ஆகஸ்ட்ல எண்ணுனா எல்லாம் பச்சையாத்தான் நிக்கும். ஜனவரி உறைபனில கருகி, காட்டுமாடு மிதிச்சு, மண்ணுக்குள்ள கெடந்த சீகை விதை திரும்ப மொளச்சு மூடி, இத்தனையும் தாண்டி எது நிக்குதோ அதத்தான எண்ணணும்?

ஊத்தடில நிக்குற அக்காங்களுக்கு எந்த மாசம் கொடம் நிரம்ப எவ்ளோ நேரம் ஆகும்னு நல்லாத் தெரியும். அதையே அளவா எடுத்துக்கிட்டோம். பிப்ரவரி மார்ச்ல ஊத்து மெலியுறப்ப ஒரே கொடத்த வச்சு ஃபோன்ல டைம் பாத்து எழுதுறோம், நாங்க கையே வைக்காத பக்கத்துச் சரிவு ஊத்தையும் அதே நாள்ல அளக்குறோம். ஏன்னா நல்ல மழை வருஷத்துல ரெண்டும் கூடும், அது மழை குடுத்தது. ரெண்டுக்கும் நடுவுல வர்ற வித்தியாசத்ததான் அந்தப் பணத்தோட பலன்னு சொல்லலாம், அதுவும் உடனே தெரியாது, சோலை மரம் ரொம்ப மெதுவா வளரும்.

2021ல வந்த விதிப்படி, சராசரியா 10 கோடிக்குக் கொறையாம சிஎஸ்ஆர் செலவு பண்ண வேண்டிய கம்பெனி, 1 கோடியும் அதுக்கு மேலயும் போற திட்டத்த, முடிஞ்சு ஒரு வருஷமாவது ஆனப்புறம் வெளி ஆள வச்சு மதிப்பீடு பண்ணணும். நல்ல விதிதான். ஆனா எங்கள மாதிரி சில லட்ச ரூபா வேலை அதுக்குள்ள வரவே வராது, திரும்ப வந்து பாக்கணும்னு யாருக்கும் கட்டாயமில்ல. அது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

கூடலூர்லேர்ந்து பதில்:

அண்ணே, இங்க ரத்தப் பரிசோதனை முகாம்லயும் இதே கதைதான். சிக்கிள் செல் நோய (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய்) இந்தியாவுல மொதல்ல பதிவு பண்ணதே 1952ல நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான். இன்னமும் எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்தோம்னு எழுதுனா ரிப்போர்ட் முடிஞ்சுருது. நோய் இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு மாசாமாசம் மாத்திரை அவங்க பாடிக்கு (பழங்குடிக் குடியிருப்பு) போய்ச் சேருதா, வலி வந்து ஆஸ்பத்திரில படுக்குறது கொறஞ்சுதா, இத நாங்க ஒரு நோட்டுல தனியா எழுதுறோம், பணம் குடுக்குறவங்க கேக்கலன்னாலும். உங்க ஊத்து நோட்டோட மாதிரி ஒன்ன இங்க போடுங்க, தேவாலா பக்கம் எங்களுக்கும் ரெண்டு ஊத்து இருக்கு, இந்த பிப்ரவரிலயே ஆரம்பிச்சுடலாம்.