மஞ்சக் கடுதாசி கொடுத்தும் வக்கீல் தேதியை விட்டுட்டார், என்ன பண்ணலாம்?

கோட்டையூர்ப் பலகாரம்:
கைமுறுக்கு, சீப்புச்சீடை, மனகோலம் போட்டு விக்கிறேன். 2020ல கல்யாண ஆர்டரெல்லாம் நின்னு, புரோநோட்டுக் கடன் 14 லட்சத்துக்கு ஏறிடுச்சு. மானத்தை விட்டுட்டு சப் கோர்ட்ல ஐ.பி., அதான் திவால் மனு, போட்டேன். நான் இன்சால்வென்ட், அதாவது திவாலானவள்னு உத்தரவும் வந்துச்சு. ஒரு வருஷத்துக்குள்ள, கடன்லேருந்து விடுவிக்கச் சொல்லிக் கேக்குற டிஸ்சார்ஜ் மனு போடணும்னு அதுலயே இருந்திருக்கு. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. "முடிஞ்சுதம்மா, போய் முறுக்குச் சுத்துங்க"ன்னார் வக்கீல். இப்போ கடன்காரர் ஒருத்தர் வாசல்ல நின்னு, "உன் ஐ.பி. ரத்தாயிடுச்சு"ன்னு சத்தம் போடுறார். வக்கீல் போனே எடுக்கலை. பாக்கி ஃபீஸ் 8,000 கொடுத்தாத்தான் கேஸ் கட்டைத் தருவாராம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகவா?

கானாடுகாத்தான் தம்பி:
போங்க அக்கா, அதுதான் சுலபம். வக்கீல் வேணாம், செலவும் கம்மி.

பழைய கோர்ட் குமாஸ்தா:
தம்பி, அந்தக் கதவை அடைச்சாச்சு. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு சுப்ரீம் கோர்ட் 2024 மே 14ல சொல்லிடுச்சு.

அம்மா, வக்கீல் மேல கோபம் அப்புறம். முதல்ல கேஸ். தனியாள் ஐ.பி. நம்ம பக்கம் இன்னும் 1920ம் வருஷ மாகாண திவால் சட்டப்படிதான் ஓடுது. கோர்ட் சொன்ன கெடுவுக்குள்ள டிஸ்சார்ஜ் மனு வரலைன்னா, 43வது பிரிவுல இன்சால்வென்ட் உத்தரவே ரத்து. கடன்காரங்க பழையபடி உங்களைத் துரத்தலாம். ரத்தாகலைன்னா, 27வது பிரிவுல கெடுவை நீட்டிக் கேக்கலாம். ரத்தாயிருந்தா சிவகங்கை ஜில்லா கோர்ட்ல 30 நாளுக்குள்ள அப்பீல். தாண்டிட்டா தாமத மன்னிப்பு மனு சேர்த்துப் போடணும். வக்கீல் தப்புக்குக் கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாதுன்னு 1981லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதையே நம்பி உக்காந்துடாதீங்க, இப்போல்லாம் "நீங்க ஏன் விசாரிக்கலை"ன்னும் கேக்குறாங்க. ஆக, கடன்காரர் வாய்ச்சொல்லை விடுங்க. ஈ-கோர்ட் ஆப்ல கேஸ் நம்பர் போட்டு உத்தரவுத் தேதியைப் பாருங்க.

கோட்டையூர்ப் பலகாரம்:
கட்டு இல்லாம எப்படிங்கய்யா? 8,000 இப்போ கையில இல்லை.

பழைய கோர்ட் குமாஸ்தா:
ஃபீஸ் பாக்கின்னு கட்டைப் பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை, அதுவும் 2000ல தீர்ப்பு. பதிவுத் தபால்ல எழுதிக் கேளுங்க, ஆனா காத்திருக்காதீங்க. கோர்ட்ல நகல் மனு போட்டா எல்லாம் கிடைக்கும். பொம்பளைங்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. 15100க்குப் போன் பண்ணுங்க, இல்லே சிவகங்கை சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேர்ல போங்க.

காரைக்குடி ஜூனியர்:
ஐயா சொல்றது சரி. வக்கீல் மேல, வக்கீல்களைக் கண்காணிக்கிற சென்னை பார் கவுன்சில்ல, வக்கீல்கள் சட்டம் 35வது பிரிவுல புகார் கொடுக்கலாம். கண்டிப்பாங்க, தொழில் செய்யத் தடை போடுவாங்க, பேரையே நீக்கலாம். உங்களுக்குக் காசு வராது. காசுக்கு சிவில் கோர்ட்ல நஷ்டஈட்டு வழக்கு, 3 வருஷக் கெடு. அதுல அவர் அசட்டையா இருந்தார்னு காட்டினா பத்தாது, மனு போட்டிருந்தா டிஸ்சார்ஜ் கிடைச்சிருக்கும்னும் நிரூபிக்கணும். கஷ்டம்தான். எதுக்கும் ஃபீஸ் கொடுத்த ரசீது, ஜிபே, வாட்ஸ்அப் எதையும் அழிச்சிடாதீங்க. "முடிஞ்சுதம்மா"ங்கிறது வாய்ஸ் மெசேஜா இருந்தா தங்கம்.

கோட்டையூர்ப் பலகாரம்:
வாய்ஸ்தான், இருக்கு! மகன் ஆப்ல பார்த்தான். ரத்தாகி 19 நாள் ஆச்சாம்.

பழைய கோர்ட் குமாஸ்தா:
அப்ப கையில 11 நாள். நகல் எடுக்கிற நாளைக் கணக்குல கழிப்பாங்க, இருந்தாலும் முறுக்கு அப்புறம் சுத்திக்கலாம். காலைல கோர்ட் திறக்கும்போது நகல் மனுவோட நில்லுங்க.