சங்குக்கு எந்த மந்திரம் பொருந்தும்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஐந்து பேர் மூன்று மாதமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் மேசை விளையாட்டை ஆடுகிறோம். 2014 விதிகள், கதை நடத்துவது நான். இதில் மந்திரக்கோல், தடி, கோளம் எதை ஏந்தினாலும் மந்திரம் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. அதனால் எல்லோரும் கோலையே எடுத்தார்கள்.

2008 பதிப்பில் இருந்தபடி தடிக்குத் தற்காப்பு, கோலுக்குக் குறி தவறாமை என்று பிரித்தேன். அது சரியாக வந்தது. கோளத்துக்குப் பதிலாக நம் கடலில் குளித்தெடுத்த சங்கையே மேசையில் வைத்தேன். விளிம்பு தேய்ந்து, உள்ளே லேசாகச் சிவந்த சங்கு. எல்லோர் கையும் அதற்குத்தான் போனது.

காதில் வைத்துக் கேட்பது என்பதால் முதலில் வருவதுரைக்கும் மந்திரம் கொடுத்தேன், யாரும் பயன்படுத்தவில்லை. அப்புறம் தாக்கும் மந்திரம். ஒரே ஊதலில் சண்டை முடிந்துவிடுகிறது.

இந்த விளையாட்டின் எட்டு மந்திரப் பிரிவுகளில் சங்குக்கு எதைக் கொடுக்கலாம்?